எட்டு லட்டும் ஒரு சங்கமும்: குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா

தமிழிலக்கியத்தில் குழந்தைக்குத் தனியிடம் உண்டு. காப்புப் பருவம் முதலாகப் பத்துப் பருவம் வகுத்துப் பாடும் பிள்ளைத்தமிழ் நம் மொழியின் தனிச் சொத்து எனலாம். இசுலாமியப் புலவர் பெருமக்களும் நபிகள் நாயகத்தின்மீது பிள்ளைத்தமிழ் பாடி அம்மரபில் பங்கு கொண்டனர். ஆயினும் பிள்ளைத்தமிழ் குழந்தையைப் பாடுவதேயன்றிக் குழந்தை பாடுவதன்று. அதனைக் கேட்டு மகிழ்வோரும் பொருள் உணர்வோரும் பெரியோரே. குழந்தை தானே வாய்விட்டுப் பாடி, தானே பொருள் கண்டு சிரிக்கும் பாடலுக்குத் தமிழ் நெடுங்காலம் காத்திருந்தது. பாரதியாரின் பாப்பாப் பாட்டும், கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் மழலைப் பாடல்களும் அவ்வழியைத் திறந்தன. திறந்த வழியில் வாழ்நாள் முழுதும் நடந்ததோடு, பிறரையும் கைபிடித்து அழைத்துச் சென்றவர் அழ. வள்ளியப்பா.

அன்னார் 1922 நவம்பர் 7ஆம் நாள் அன்றைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்து இராயவரத்தில் பிறந்தார். பெற்றோர் அழகப்பச் செட்டியாரும் உமையாள் ஆச்சியும் ஆவர். 1948இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்தபோது அப்பகுதி திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. 1974இல்தான் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. எனவே ஏறத்தாழ இருபத்தாறு ஆண்டுகள் அவர் நம் மாவட்டத்துக் கவிஞர் என்று நாம் உரிமை கொண்டாடுவதில் தவறில்லை. அம்மண்ணுக்கு ஏதோ ஓர் இயல்பு இருந்திருத்தல் வேண்டும். பிற்காலத்தில் சிறுவர் கதைகளால் பெரும்புகழ் ஈட்டிய வாண்டுமாமாவும் இராயவரத்தை அடுத்த அரிமழத்தில் பிறந்தவரே. சக்தி காரியாலயத்தை நிறுவி, உலக இலக்கியங்களையும் மலிவு விலையில் பாரதியார் கவிதைகளையும் தமிழர்க்கு அளித்த வை. கோவிந்தனும் இராயவரத்துக்காரர்.

பள்ளிக் கல்வி முடித்த இளைஞர் வள்ளியப்பா சென்னை சென்று சேர்ந்த இடமும் அந்தச் சக்தி காரியாலயமே. எழுத்தாளராக அன்று, கணக்கு எழுதும் பணியாளராகவே சேர்ந்தார். அங்கு ஆசிரியராக விளங்கிய தி.ஜ.ர. அவரது எழுத்தார்வத்தைக் கண்டுகொண்டு எழுதத் தூண்டினார். கணக்குப் பேரேட்டின் முன் அமர்ந்திருந்த ஓர் இளைஞரிடம் கவிஞரைக் காண்பதற்கும் ஒரு கண் வேண்டும், தி.ஜ.ர.வுக்கு அக்கண் இருந்தது. பிறருடைய ஊக்குவிப்பு ஒருவரை எங்ஙனம் உருவாக்கும் என்பதை வள்ளியப்பா தம் முதல் வேலையிலேயே பட்டறிந்தார். பின்னாளில் அவர் செய்த பணிகளுக்கெல்லாம் வித்து அங்கேயே விழுந்தது என்பது என் கருத்து.

1941இல் இந்தியன் வங்கியில் பணியேற்றார். அதன்பின் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் வங்கிப் பணியே அவருடைய பிழைப்பாக இருந்தது. இலக்கியத்தை நம்பிக் குடும்பம் நடத்த இயலாத நாட்டில் இது வியப்பன்று. ஆனால் வங்கி மூடிய பின்னுள்ள மாலைப்பொழுதுகளை அவர் எங்ஙனம் செலவிட்டார் என்பதே அவர் வரலாற்றின் உயிர்நிலை.

1944இல் 23 பாடல்களுடன் மலரும் உள்ளம் என்னும் சிறுநூல் வெளிவந்தது. பத்தாண்டுகளில் அதுவே 135 பாடல்கள் கொண்ட தொகுதியாக விரிந்தது. அவர் இயற்றிய பாடல்கள் ஈராயிரத்தைத் தாண்டும் என்பர். அத்தனையும் ஒரு தரத்தவை என்று கூற மாட்டேன். அறிவுரையைச் சந்தத்தில் ஏற்றிவைத்தவையும் அவற்றுள் உண்டு. ஆயின் சிறந்தவை மிகச் சிறந்தவை. ஒரு தட்டில் எட்டு லட்டு வைத்திருப்பதும், அண்ணனும் தங்கையும் ஆளுக்கு நான்காய்த் தின்றுவிட்டுத் தட்டைக் காலியாக்குவதுமான சிறு பாட்டை அறியாத தமிழ்க் குழந்தை அரிது. அதன் தொடக்க அடிகளில் ஓரடியின் இறுதிச் சொல்லே அடுத்த அடியின் முதற்சொல்லாக வரும். அஃது அந்தாதித் தொடை. அடிதோறும் ஈறு ஒத்து ஒலிக்கும், அஃது இயைபு. வகுத்தலும் கழித்தலும் ஆகிய கணக்கும் உள்ளே ஒளிந்திருக்கிறது. வகுப்பறையில் இயைபுக்கு எடுத்துக்காட்டுத் தேடும் நாம் காப்பியங்களை நோக்கி ஓடுகிறோம். நான்கு வயதுப் பிள்ளை அதனை வாயில் வைத்துக்கொண்டு தெருவில் ஓடுகிறது. திருச்சித் தெப்பக்குளத்தருகே கோனார் உரை வாங்கிப் படித்து வளர்ந்த தலைமுறையினர் நாம். உரையே வேண்டாத பாடலை இயற்றுவது எத்துணைக் கடினம் என்பது நமக்கு நன்கு புரிதல் வேண்டும்.

இனி அவருடைய பெரும்பணிக்கு வருவோம். அக்காலத்தில் குழந்தைகளுக்கு எழுதுவோருக்கு மதிப்பு இல்லை. பெரியவர்களுக்கு எழுத இயலாதோர் எழுதுவது என்ற எண்ணமே பரவியிருந்தது. சிறுவர் இதழ்கள் பல தோன்றின. தோன்றிய வேகத்தில் மறைந்தும் போயின. அவற்றில் எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறியாது ஊருக்கு ஒருவராய்ச் சிதறிக் கிடந்தனர். இந்நிலையில்தான் 1950இல் சென்னையில் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாயிற்று. சக்தி வை. கோவிந்தன் அதன் தலைமையை ஏற்றார். வள்ளியப்பா அதன் முதுகெலும்பானார். செயலாளர், தலைவர், ஆலோசகர் என்று பொறுப்பின் பெயர் மாறியதேயொழிய உழைப்பு மாறவில்லை.

சங்கம் குழந்தை இலக்கிய மாநாடுகளை நடத்தியது. எழுத்துப் போட்டிகள் வைத்தது. குழந்தைகளுக்கான நூல்களைக் காட்சிக்கு வைத்தது. மாநாடு என்ற சொல்லை நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இம்மலருக்காக விளம்பரம் திரட்டக் கடைவீதியில் ஏறி இறங்கிய நண்பர்களைக் கேட்டால் அதன் பின்னுள்ள உழைப்பு தெரியும். அழைப்புக் கடிதம் எழுதுதல், வருவோர்க்குத் தங்குமிடம் பார்த்தல், நன்கொடைக்கு இரசீது கிழித்தல், பேச மறுப்பவரை இணங்க வைத்தல், பேசத் தொடங்கியவரை நிறுத்த வைத்தல் ஆகிய யாவும் ஊதியமற்ற பணிகள். வள்ளியப்பா போன்றோர் பிழைப்புக்கான வேலை முடிந்தபின் மிஞ்சிய பொழுதில்தான் இவற்றிற்குத் தோள்கொடுத்தனர். அவரைச் சூழ்ந்து ஓர் எழுத்தாளர் குடும்பமே வளர்ந்தது. தம்பி சீனிவாசன், பின்னர்க் குழந்தை இலக்கிய வரலாற்றை நூலாக வடித்த பூவண்ணன் ஆகியோர் அக்குடும்பத்தில் குறிப்பிடத்தக்கவர்.

சங்கத்தின் செயல்களுள் என் உள்ளத்தை மிகவும் தொட்டது குழந்தை எழுத்தாளர் யார் எவர் என்று காட்டும் தொகுப்பினை வெளியிட்டமை. ஊர்தோறும் சிதறிக் கிடந்தோரின் பெயர்களை ஒரே நூலில் கண்டபோதுதான் தாம் ஓர் இனம் என்பதை அவர்கள் உணர்ந்திருத்தல் கூடும். பிறர் பெயர் நிலைக்கப் பாடுபட்டவரின் சொந்தப் பெயரோ, அவருடைய பாடல்களிலிருந்தே உதிர்ந்துபோயிற்று. லட்டுப் பாட்டையும் மாம்பழப் பாட்டையும் பாட்டி சொன்னது, டீச்சர் சொன்னது என்றே குழந்தைகள் அறிவர். நாட்டுப்புறப் பாடல் என்று கருதுவோரும் உளர். இதனைப் பெருமை என்பதா, இழப்பு என்பதா? கவிஞனுக்குப் பெருமையே எனக் கூறுவோர் உண்டு. தமிழ்த்துறையில் பணியாற்றும் எனக்கு அவ்வளவு எளிதாக ஆறுதல் கொள்ள இயலவில்லை. பெயரைக் காப்பது நம் பணி அல்லவா? இலக்கிய வரலாற்று நூல்கள் பலவற்றில் அவருக்கு அரைப்பக்கம்கூடக் கிடைப்பதில்லை.

சங்கத்துக்கு ஈந்த மாலைப்பொழுதுகளைத் தம் கவிதைக்கே வைத்துக்கொண்டிருப்பின் அவர் இன்னும் உயர்ந்திருப்பார் என்று வாதிடலாம். சில பாடல்களை இன்னும் செதுக்கியிருக்கலாம் என்பதை நானும் ஏற்பேன். ஆனால் அவர் தம் ஒருவர் கவிதையை மட்டும் எண்ணியவர் அல்லர். குழந்தைக்கு ஒரு கவிஞர் போதாது என்று அவர் கருதியமைக்கு அவருடைய மாலைப்பொழுதுகளே சான்று.

பாடல்களோடு கதையும் கட்டுரையும் எழுதினார். தென்னாட்டு ஆறுகளைப் பற்றிய நம் நதிகள் என்னும் நூலை நேஷனல் புக் டிரஸ்ட் பதினான்கு மொழிகளில் வெளியிட்டது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே திருவரங்கத்தில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு ஆறு அன்றாடக் காட்சி. அம்மாமண்டபப் படித்துறையில் நிற்கும் பிள்ளை, அந்த நீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை ஊர்களைக் கடந்து வருகிறது என்று எண்ணிப் பார்ப்பது அரிது. தென்னாட்டு ஆறுகளைக் கண்ணால் காணாத வடநாட்டுப் பிள்ளைகளும் இராயவரத்துக்காரர் ஒருவர் வழியாக அவற்றைத் தம் தாய்மொழியில் அறிந்தனர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்றபின் கோகுலம் இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். ஓய்வு என்பது அவரைப் பொறுத்தவரை முழுநேரப் பணியாயிற்று. 1989 மார்ச் 16ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். குழந்தை இலக்கியத்துக்கென்று பால சாகித்திய புரஸ்கார் என்னும் விருதினைச் சாகித்திய அக்காதெமி வழங்கத் தொடங்கியது 2010இல். அவர் மறைந்து இருபத்தொரு ஆண்டுகள் கழிந்த பின்னர். 2019இல் தமிழுக்கான அவ்விருதினைப் பெற்றவர் தேவி நாச்சியப்பன். அவர் வள்ளியப்பாவின் மகள்.