சத்தியானந்த ஸ்டோக்ஸ்: பிறப்பால் வந்த அறமும் விரதமாய் ஏற்ற அறமும்

கோவையிலும் ஈரோட்டிலும் பழக்கடைகளில் சிம்லா ஆப்பிள் என்ற பெயரில் விற்கப்படும் செங்கனியை அறியாதார் இலர். பூசைத் தட்டிலும் நோன்பு முடித்த இல்லங்களிலும் இடம்பெறும் அக்கனி, இமயமலைச் சாரலில் செழித்துப் பரவக் காரணமாக இருந்தவர் ஓர் அமெரிக்கர். சாமுவேல் இவான்ஸ் ஸ்டோக்ஸ் என்பது அவர் இயற்பெயர், பிற்காலத்தில் சத்தியானந்தர். பல தலைமுறைகளாகப் போரை மறுத்து வந்த ஒரு சமயக் குழுவில் பிறந்தவர் அவர். அகிம்சையே பரம தருமம் என்று கொண்ட நாம் அறிந்து சிந்திக்கத் தக்கது அவர் வரலாறு.

அந்தச் சமயக் குழுவினரைக் குவேக்கர்கள் என்பர். பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் ஜார்ஜ் பாக்ஸ் என்பவரின் போதனையால் தோன்றிய கிறித்தவப் பிரிவினர் அவர்கள். ஒவ்வொரு மனிதரின் உள்ளத்திலும் இறையொளி உறைகின்றது. ஆதலின் எம்மனிதரையும் கொல்லலாகாது, போரில் சேரலாகாது, ஆணையிட்டுச் சத்தியம் செய்யவும் கூடாது என்பன அவர்தம் கொள்கைகள். எக்காரணம் பற்றியும் ஆயுதம் ஏந்துவதில்லை என்று 1661இல் இங்கிலாந்து மன்னருக்கே எழுதிக் கொடுத்தனர். ஓரறிவுயிர் முதல் ஐயறிவுயிர் வரை நம் ஆகமங்கள் விரித்துரைத்த அருளைப் பெரும்பாலும் மனிதரளவிலேயே அவர்கள் நிறுத்தினர் எனினும், மேலை நாட்டில் அகிம்சைக்கு நெருங்கிய உறவாக நின்றது அந்நெறியே எனலாம்.

1681இல் வில்லியம் பென் என்னும் குவேக்கர், அமெரிக்காவில் பென்சில்வேனியாக் குடியேற்றத்துக்கு உரிமை பெற்றார். அங்கும் அதன் அண்டைப் பகுதியாகிய நியூஜெர்சியிலும் குவேக்கர் உழவர் பலர் குடியேறினர். போர் வந்தபோதெல்லாம் அவர்தம் அறம் சோதனைக்குள்ளாயிற்று. நியூஜெர்சியில் பழத்தோட்டம் வைத்து வாழ்ந்த ஜான் உல்மன் (1720 – 1772) போர்ச் செலவுக்கான வரியைச் செலுத்த மறுத்தார். அடிமைகளின் உழைப்பால் விளைந்த சர்க்கரையைத் தவிர்த்தார். குதிரைகள் வருத்தப்படுகின்றன என்று இங்கிலாந்தில் வண்டியேறாமல் கால்நடையாகவே சென்றார். பின்னர் 1775இல் தொடங்கிய அமெரிக்க விடுதலைப் போரின்போது படையில் சேர மறுத்த குவேக்கர் உழவர்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. அதையும் கட்ட மறுத்தோரின் கால்நடைகளும் தானியங்களும் பறிமுதலாயின. இழப்பைத் தாங்கினரேயன்றி அவர்களுள் பெரும்பாலோர் விரதத்தைக் கைவிட்டாரில்லை.

இத்தகைய மரபில் 1882 ஆகஸ்டு 16ஆம் நாள் பிலடெல்பியா நகரில் ஸ்டோக்ஸ் பிறந்தார். தந்தையார் மின்தூக்கி செய்யும் தொழிலில் ஈடுபட்ட செல்வர். மைந்தரோ அச்செல்வத்தில் நாட்டமின்றி, 1904இல் தம் 21ஆம் வயதில் இந்தியாவுக்கு வந்து, சிம்லா மலையடிவாரத்துச் சபாத்துவில் தொழுநோயாளர் இல்லத்தில் பணியாற்றினார். 1905இல் காங்கிராப் பகுதியைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியபோது துயர்துடைப்புப் பணியில் ஈடுபட்டார். சில ஆண்டுகள் துறவியைப் போன்று உடைமை நீத்து எளிமையாக வாழ்ந்தார்.

1912இல் அவர் இல்லறம் ஏற்றார். மலைநாட்டு இந்தியக் கிறித்தவப் பெண்ணாகிய ஆக்னஸ் அம்மையாரை மணந்து, சிம்லாவுக்கு அப்பால் உள்ள கோட்கட் பகுதியில் நிலம் வாங்கி உழவரானார். மலைமக்களின் உடையை உடுத்தி, அவர்தம் மொழியில் பேசி, அவர்களுள் ஒருவராகவே வாழ்ந்தார்.

அக்காலத்தில் முதல் உலகப் போர் மூண்டது. உல்மனைப் போல் இவரும் போரை மறுத்திருப்பார் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் அவர் ஆங்கிலேய இந்தியப் படைக்கு ஆள்சேர்க்கும் பணியை ஏற்றார். இந்தச் செய்தியை மறைத்து அவர் வரலாற்றை எழுதுதல் முறையன்று. அகிம்சையின் திருவுருவமாக நாடு போற்றும் காந்தியடிகளும் 1918இல் குசராத்தின் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராகச் சென்று படைக்கு ஆள்சேர்த்தார் என்பதும் இங்கு நினைவுகொள்ளத் தக்கது.

இதனை நாம் எவ்வாறு கருதுவது? இம்சையை நான்கு வகையாகப் பிரித்து நம் ஆசாரியர்கள் விளக்கியுள்ளனர். இல்வாழ்க்கைப் பணிகளில் தவிர்க்க இயலாது நேர்வது ஆரம்ப இம்சை. தொழிலில் நேர்வது உத்தியோக இம்சை. தற்காப்பில் நேர்வது விரோத இம்சை. கொல்லும் எண்ணத்தோடு செய்வது சங்கல்ப இம்சை. இவற்றுள் சங்கல்ப இம்சையை இல்லறத்தார் முற்றும் விலக்க வேண்டும். ஏனைய மூன்றையும் விழிப்புணர்வோடு குறைத்துக்கொள்ள வேண்டும். ஓர் அரசு தன் ஆதிக்கத்திற்காக நடத்தும் போருக்கு ஏழை உழவர் மக்களை அனுப்புவது தற்காப்பு ஆகுமா என்பதே வினா. ஸ்டோக்சின் பிற்கால வாழ்வே அதற்கு விடையாக அமைந்தது.

போர் முடிந்தபின் 1919இல் ஜாலியன்வாலாபாக் படுகொலை நிகழ்ந்தது. மலைநாட்டிலோ பேகார் என்னும் கொடுமை நிலவியது. வெள்ளை அதிகாரிகளின் சுமைகளைத் தூக்கிச் செல்ல உழவர்களைக் கட்டாயமாக இழுத்துச் செல்லும் வழக்கம் அது. நம் கல்வெட்டுகளில் வெட்டி என்று காணப்படும் கட்டாய ஊழியத்தை ஒத்தது. விதைப்புக் காலமாயினும் அறுவடைக் காலமாயினும் உழவன் ஏரை விட்டுச் செல்ல வேண்டும். ஸ்டோக்ஸ் மக்களைத் திரட்டி, கைகலப்புக்கு இடந்தராமல் சுமைதூக்க மறுக்கச் செய்தார். 1921இல் அரசு இறங்கிவந்தது.

அதே ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் காந்தியடிகளும் பிற தலைவர்களும் பம்பாயில் ஓர் அறிக்கை வெளியிட்டனர். அரசின் குடிமைப் பணியிலும், சிறப்பாகப் படையிலும், இந்தியர் ஊழியம் புரிவது நாட்டின் மானத்திற்கு ஒவ்வாது என்பது அதன் சாரம். அதில் கையொப்பமிட்ட ஒரே வெளிநாட்டவர் ஸ்டோக்ஸ். சில ஆண்டுகளுக்கு முன் படைக்கு ஆள்சேர்த்த கை, படையை விட்டு விலகுக என்று எழுதிய அறிக்கையில் ஒப்பமிட்டது. டிசம்பரில் வாகா நிலையத்தில் கைதாகி ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். முன்னோர் தானியத்தை இழந்தனர். இவர் தம் உடலின் உரிமையையே இழந்தார்.

அவ்வாண்டில் நம் கொங்கு நாடும் அதே அலையில் இருந்தது. அப்போது கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடைபெற்றது. ஈ.வெ.இராமசாமி அவர்கள், சேலம் தாதம்பட்டியில் தமக்கிருந்த தோப்பில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தென்னை மரங்களைக் கள்ளுக்குப் பயன்படலாகாது என்று வெட்டச் செய்தார். மரங்களை வீழ்த்துதல் நம் மனத்துக்கு உவப்பன்று எனினும், பெற்ற பொருளை அறத்தின் பொருட்டு இழக்கத் துணிந்த உள்ளம் இரண்டிடத்தும் ஒன்றே. ஸ்டோக்சின் கட்டுரை நூல்களும் அக்காலத்தில் சென்னையில் அச்சாகித் தமிழ்நாட்டினர் கைக்கு எட்டின.

சிறை மீண்டவர் மறுபடியும் உழவுக்கே திரும்பினார். குலுப் பள்ளத்தாக்கில் 1870ஆம் ஆண்டளவிலேயே ஆங்கிலேயர் ஆப்பிள் பயிரிட்டிருந்தனர். அவை புளிப்பு மிகுந்தவை. ஸ்டோக்ஸ் அமெரிக்காவிலிருந்து இனிப்பு மிக்க ரெட் டெலிஷியஸ் வகைக் கன்றுகளைத் தருவித்து 1916இல் நட்டிருந்தார். 1921இல் அவருடைய அன்னையார் கிறிஸ்துமஸ் பரிசாகக் கோல்டன் டெலிஷியஸ் கன்றுகளை அனுப்பினார். தம் தோட்டத்தோடு நில்லாமல் சுற்றுப்புற உழவர்களையும் நடத் தூண்டினார். வறுமையில் உழன்ற மலையூர்கள் பழத்தோட்டங்களால் வாழ்வு பெற்றன.

துயரும் அவரை விடவில்லை. எழுவர் மக்களுள் தாரா என்னும் மைந்தன் எட்டு வயதளவில் சீதபேதியால் மாண்டான். அவன் பெயரால் ஒரு பள்ளி தொடங்கி மலைச் சிறார்க்குக் கல்வி அளித்தார். வடமொழி கற்று உபநிடதங்களில் ஆழ்ந்து, 1932இல் ஆரிய சமாஜ முறைப்படி இந்து சமயம் தழுவிச் சத்தியானந்தர் ஆனார். துணைவியார் பிரியாதேவி ஆனார். நாடு விடுதலை பெறுவதற்கு ஓராண்டுக்கு முன், 1946 மே 14ஆம் நாள் மறைந்தார்.

சமய மாற்றம் பற்றி நாம் ஆராய வேண்டியதில்லை. நம் உள்ளத்தில் கொள்ள வேண்டியது வேறு. அகிம்சையை மரபாகப் பெற்ற குழுவில் பிறந்தும், போர் வந்தபோது அப்பிறப்பு ஒன்றே அவரைத் தடுக்கவில்லை. அநீதியைக் கண்ணாரக் கண்டு, தாமே ஆராய்ந்து ஏற்றபோதுதான் அவ்வறம் சிறைக் கதவு வரை அவருடன் சென்றது. நம் குடும்பங்களிலும் இதுவே நிலை. இரவில் உண்ணாமையும் நீரை வடிகட்டிப் பருகுதலும் நாம் வீட்டிலிருந்து பெற்ற பழக்கங்கள். பொருள் உணர்ந்து, குருமுன் நின்று ஏற்கும்போதே அவை அணுவிரதங்கள் ஆகின்றன. கடையில் விலை கொடுத்து அச்செங்கனியை வாங்கும்போது, அதன் பின்னுள்ள இவ்வரலாற்றை நம் பிள்ளைகளுக்கு ஒருமுறை எடுத்துரைப்போமாக.