நிலவுக்கு வழி காட்டிய பம்பரம்



போன மாதம் நம் ஞாயிறு வகுப்பு முடிந்ததும் ஒரு தம்பி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான். எஸ்.டி.பி.எம். முடித்தவன். கேட்ட படிப்பு கிடைக்கவில்லை, வேறு துறையில்தான் இடம் வந்திருக்கிறது. இனிமே அவ்வளவுதானா அண்ணே என்று கேட்டான். அவன் வயதில் எனக்கும் இதே கதைதான். அன்று எனக்குத் தெம்பு கொடுத்தது, நூலகத்தில் தற்செயலாகப் படித்த ஓர் அமெரிக்கரின் வாழ்க்கை. அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அவர் பெயர் சார்லஸ் ஸ்டார்க் டிரேப்பர். 1901 அக்டோபர் 2-ஆம் நாள் மிசூரி மாநிலத்தில் வின்ட்சர் என்ற சிற்றூரில் பிறந்தார். நிலவுக்குப் போன விண்கலங்களுக்கு வழிகாட்டும் கருவி செய்தவர் முதலில் என்ன படித்தார் தெரியுமா? உளவியல்! 1922-இல் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் அந்தப் பட்டம் வாங்கினார். பிறகு எம்.ஐ.டி.யில் சேர்ந்து 1926-இல் மின்வேதியியல் பொறியியலில் பட்டம் பெற்றார். இயற்பியலில் டாக்டர் பட்டம் 1938-இல்தான் வந்தது. அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. நேர்கோட்டில் போன வாழ்க்கை இல்லைங்க அது.

இடையில் விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். மேகத்துக்குள் நுழைந்துவிட்டால் எது மேல், எது கீழ் என்று விமானிக்குத் தெரியாது. உடம்பே பொய் சொல்லும். அந்த நேரத்தில் நம்பக்கூடிய கருவி வேண்டும் என்பதே அவருடைய வாழ்நாள் வேலையானது. எம்.ஐ.டி.யில் அதற்கென்று ஓர் ஆய்வுக்கூடத்தையே உருவாக்கினார்.

அவருடைய யோசனையைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். பேருந்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள். வண்டி வேகமெடுத்தால் முதுகு இருக்கையில் அழுந்தும். பிரேக் போட்டால் உடம்பு முன்னால் சாயும். வளைவில் திரும்பினால் பக்கவாட்டில் தள்ளும். இந்தத் தள்ளல்களை எல்லாம் நொடி தவறாமல் அளந்து கூட்டிக்கொண்டே வந்தால், சன்னலைப் பார்க்காமலே எங்கே இருக்கிறோம் என்று சொல்லிவிடலாம். வெளியிலிருந்து எந்தச் சைகையும் வேண்டாம்.

அளப்பதற்குத் திசை மாறாத ஓர் ஆதாரம் வேண்டும். அதுதான் சுழலும் பம்பரம். வேகமாகச் சுழலும் பம்பரத்தின் அச்சு லேசில் திசை மாறாது. ஆனால் அதைத் தாங்கும் இடத்தில் துளி உராய்வு இருந்தாலும் அது மெல்ல மெல்ல விலகிப் போகும். டிரேப்பர் அந்தப் பம்பரத்தை ஒரு சிறு உருளைக்குள் வைத்து, உருளையைக் கெட்டியான திரவத்தில் மிதக்கவிட்டார். உராய்வு வெகுவாகக் குறைந்தது.

1953 பிப்ரவரியில் ஆயிரம் கிலோவுக்கும் அதிக எடையுள்ள அந்தக் கருவியை ஒரு பி-29 விமானத்தில் ஏற்றி, மாசசூசெட்ஸிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை பறந்தார். சுமார் பன்னிரண்டு மணி நேரப் பயணம். வழிகாட்டியது அந்தக் கருவிதான்.

1961-இல் அமெரிக்கா நிலவுக்கு ஆள் அனுப்ப முடிவெடுத்தபோது, வழிகாட்டும் கருவிக்கான பொறுப்பு டிரேப்பரின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. இது வேலை செய்யுமா என்ற சந்தேகம் பலருக்கு. அவர் என்ன செய்தார் தெரியுமா? அறுபது வயதில், விண்வெளி வீரராக என்னையே அனுப்புங்கள் என்று நாசாவுக்குக் கடிதம் எழுதிவிட்டார்! அவரை அனுப்பவில்லை. ஆனால் தான் செய்த பொருளில் தன் உயிரை வைக்கத் துணிந்தார் பாருங்கள், அதை நான் மறக்கவே மாட்டேன்.

அவர் தனியாளாகச் செய்யவில்லை. கணக்குகளை ரிச்சர்ட் பேட்டின் வகுத்தார். கணினியை எல்டன் ஹால் வடிவமைத்தார். மென்பொருள் குழுவை மார்கரெட் ஹாமில்டன் நடத்தினார். அந்தக் கணினியின் எடை சுமார் 32 கிலோ. அதன் நிலை நினைவகத்தில் 36,864 சொற்கள் மட்டுமே. உங்கள் கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்துக்குக்கூட அந்த இடம் போதாது. அந்த நினைவகத்தைத் தொழிற்சாலையில் பெண்கள் கையால் பின்னினார்கள். கம்பி சிறு காந்த வளையத்துக்குள் போனால் ஒன்று, வெளியே போனால் சுழியம். ஓர் இழை தவறினாலும் கணக்கு தப்பாகிவிடும்.

1968 டிசம்பரில் அப்போலோ 8 நிலவின் பின்பக்கம் போனது. அங்கே பூமியின் வானொலி எட்டாது. அந்த மௌனத்தில்தான் இயந்திரத்தைச் சுமார் நான்கு நிமிடம் சரியாக இயக்கி, நிலவைச் சுற்றும் பாதையில் நுழைய வேண்டும். துணைக்கு இருந்தது டிரேப்பர் குழுவின் கருவி மட்டும்தான். கலம் சரியாக மறுபக்கம் வந்தது.

திரும்பும் வழியில் வீரர் ஜிம் லவெல் ஒரு பொத்தானைத் தவறாக அழுத்திவிட்டார். கருவி தன் திசையை இழந்தது. அவர் ரைஜல், சிரியஸ் என்ற நட்சத்திரங்களைப் பார்த்து மறுபடியும் அதைச் சரிசெய்தார். ரைஜல் வேறு எங்கும் இல்லை. நாம் திருவாதிரை என்று சொல்லும் நட்சத்திரம் இருக்கும் அதே கூட்டத்தில்தான் இருக்கிறது.

டிரேப்பரைக் குறையே இல்லாதவராகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. இரண்டாம் உலகப் போரில் அவர் ஆய்வுக்கூடம் கடற்படைப் பீரங்கிகளுக்குக் குறிபார்க்கும் கருவி செய்தது. பிறகு அணு ஏவுகணைகளுக்கும் வழிகாட்டும் கருவி செய்தது. வியட்நாம் போர்க் காலத்தில், 1969-இல், மாணவர்கள் அந்த ஆய்வுக்கூடத்துக்கு எதிராகப் போராடினார்கள். நிலவில் மனிதன் கால் வைத்த அதே ஆண்டு! கடைசியில் 1973-இல் ஆய்வுக்கூடம் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிக்கப்பட்டது. பம்பரம் திசையைக் காக்கும், அவ்வளவுதான். எந்தத் திசையில் போவது என்று மனிதன்தான் முடிவு செய்ய வேண்டும். கற்ற கல்வியை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்ற கேள்வி நமக்கும் உண்டு.

1987 ஜூலை 25-ஆம் நாள் டிரேப்பர் மறைந்தார். அந்த ஆய்வுக்கூடம் இன்றும் அவர் பெயரில் இயங்குகிறது.

அந்தத் தம்பியிடம் நான் கடைசியாகச் சொன்னது இதுதான். முதலில் கிடைத்த படிப்பு நம் முடிவு இல்லை, டிரேப்பருக்கு உளவியல் மாதிரி. நாம் யாரும் பார்க்காத பின்பக்கமாகப் போகும்போது, உள்ளே ஒரு பம்பரம் திசை மாறாமல் சுழலட்டும். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக விலகத்தான் செய்யும். அதனால் அவ்வப்போது தலை நிமிர்ந்து நட்சத்திரத்தைப் பார்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். அம்மா, அப்பா, நல்ல ஆசிரியர், நாம் கும்பிடும் சாமி, இவர்கள்தாம் நம் நட்சத்திரங்கள்.

தம்பி கிடைத்த இடத்தில் சேர்ந்துவிட்டான். போன வாரம் வகுப்புக்கு வந்தபோது கேட்டேன். பாடம் கஷ்டம்தான் அண்ணே, ஆனா பார்த்துக்கலாம் என்றான். எனக்கு அது போதும்.