எண்ணெய்ச் சாம்ராஜ்யத்தைக் காகிதங்களால் அசைத்த ஐடா டார்பெல் - எப்படிச் செய்தார்?

புலனாய்வுச் செய்தியாளர் என்றதும் உங்களுக்கு ரகசியக் கேமராவும் மாறுவேடமும் நினைவுக்கு வருதா?

அமெரிக்கச் செய்தியாளர் ஐடா டார்பெல் (1857-1944) அதெல்லாம் இல்லாமலேயே ஜான் ராக்கஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தை ஆட்டங்காண வைத்தவர்.

வீட்டில் விழுந்த அடி

ஐடா வளர்ந்தது பென்சில்வேனியாவின் எண்ணெய் வட்டாரத்தில். அப்பாவுக்கும் எண்ணெய்த் தொழில்தான். 1872இல் ரயில் நிறுவனங்களும் சில பெரிய சுத்திகரிப்பு ஆலைகளும் ரகசியமாகக் கைகோத்தன. மற்றவர்களுக்குக் கட்டணம் எகிறியது, கூட்டாளிகளுக்குத் தள்ளுபடி. போதாக்குறைக்கு, போட்டியாளர்கள் கட்டிய கட்டணத்திலும் அவர்களுக்கு ஒரு பங்கு!

எதிர்ப்புக் கிளம்பியதும் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் பாட்டும் வேடிக்கையுமாக இருந்த அப்பா இறுகிப்போனதை 14 வயது ஐடா மறக்கவில்லை.

சுமார் 30 ஆண்டு கழித்து மெக்ளூர்ஸ் சஞ்சிகைக்காக அதே நிறுவனத்தைப் பற்றி எழுத இறங்கினார். வேண்டாம்னு அப்பாவே எச்சரித்தார். பழைய பகையில் எழுதுறார்னு யாரும் சொல்லிடலாமே?

அவர் கையாண்ட வழிகள்

- முதலில் ஆவணம்: வழக்குப் பதிவுகள், நாடாளுமன்ற விசாரணைச் சாட்சியங்கள், பழைய நாளிதழ்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தார். 1872 திட்டம் பற்றிய சிறு நூல் கிட்டத்தட்ட எங்குமே கிடைக்கவில்லை. விடாமல் தேடி, நியூயார்க் நூலகத்தில் ஒரு பிரதியைக் கண்டுபிடித்தார்.

- எதிர்த்தரப்பு: நிறுவனத்தின் மூத்த அதிகாரி ஹென்றி ரோஜர்ஸைப் பலமுறை சந்தித்து விளக்கம் கேட்டார். ஆனால் முடிவு தன்னுடையதுதான் என்பதில் உறுதியாக இருந்தார்.

- சரிபார்ப்பு: எரிக்கக் கொடுத்த காகிதங்களில் தெரிந்தவர் பெயரைப் பார்த்த அலுவலகப் பையன் ஒருவன் அவற்றை வெளியே கொண்டுவந்தான். போட்டியாளர்களின் சரக்கு வேவு பார்க்கப்பட்டதற்கான ஆதாரம் அது. அதை ஐடா ஏற்கெனவே இருந்த புகார்களோடு ஒப்பிட்ட பிறகே எழுதினார். ரோஜர்ஸ் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

- நியாயம்: ராக்கஃபெல்லரின் நிர்வாகத் திறமையைப் பாராட்டவும் தனிப் பகுதி ஒதுக்கினார்.

என்ன ஆனது?

1902 முதல் 1904 வரை 19 பகுதிகள் வெளிவந்தன. பிறகு அது நூலானது. மக்களின் கோபம் வலுத்தது. 1906இல் அரசாங்கம் வழக்குத் தொடுத்தது. 1911இல் உச்ச நீதிமன்ற உத்தரவால் ஸ்டாண்டர்ட் ஆயில் 34 நிறுவனங்களாகப் பிரிந்தது.

ஐடாவும் சறுக்கியிருக்கிறார். 1905இல் ராக்கஃபெல்லரைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, அவரது தோற்றத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. அதைப் படித்தால் பழைய காயம்தான் தெரியும். அந்த 19 பகுதிகளோ இன்றும் செய்தியாளர்களுக்குப் பாடம்.

உங்களுக்கும் ஒருவர்மீது கோபத்தோடு எதையாவது எழுதவோ பகிரவோ தோணுதா? கையில் என்ன ஆவணம் இருக்கு, அவரிடம் விளக்கம் கேட்டோமா - முதலில் அதைப் பாருங்க.