காந்த ஊசியும் பேராசிரியர் ஆயர்ஸ்டெட்டும்

உயர்தரப் பள்ளியிற் பௌதிகம் பயின்றார் யாவரும் ஒரு சிறு சோதனையை அறிவர். மேசைமேல் ஒரு காந்த ஊசி. அதன்மேல் வடக்குத் தெற்காக நீட்டப்பெற்ற ஒரு செப்புக் கம்பி. கம்பியில் மின்சாரம் பாய்ந்ததும் ஊசி ஒருபுறம் திரும்பும். நிறுத்தியதும் பண்டை நிலைக்கு மீளும். சில நிமிடங்களில் முடிவுறும் இப்பாடத்தை உலகிற்கு உதவினார் டென்மார்க்கு நாட்டு ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆயர்ஸ்டெட் என்னும் பேரறிஞர்.

இவர் 1777-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 14-ஆம் நாள், லாங்கலாந்து என்னும் தீவில் மருந்துக்கடை நடத்திய ஒருவர்க்கு மகனாய்ப் பிறந்தார். சிற்றூராதலின் ஆங்கு நல்ல பள்ளி வாய்த்திலது. பொய்ம்மயிர் முடி செய்யும் ஒருவரும் அவர் மனைவியாரும் இவர்க்கும் இவர் தம்பியார்க்கும் ஜெர்மன் மொழி பயிற்றினர். உடன்பிறந்தார் இருவரும் ஒருவர் கற்றதை மற்றவர்க்கு உரைத்து அறிவு பெருக்கினர். பின்னர் இருவரும் கோபன்ஹேகன் சர்வகலாசாலையிற் சேர்ந்தனர். தமையனார் 1799-இல் டாக்டர் பட்டம் பெற்றார். தம்பியார் சட்டம் பயின்று, பிற்காலத்தில் அந்நாட்டின் பிரதம மந்திரியானார்.

1800-இல் இத்தாலிய அறிஞர் வோல்ட்டா மின்கல அடுக்கினை அமைத்தார். அடுத்த ஆண்டு ஆயர்ஸ்டெட் ஜெர்மனி, பிரான்சு முதலிய நாடுகளுக்கு யாத்திரை புறப்பட்டார். ஆங்கே, தீர ஆராயப்பெறாத சில புதுக் கொள்கைகளை மெய்யென நம்பிப் பரப்ப முயன்று ஏளனத்திற்கு ஆளானார். எனினும் இயற்கையின் ஆற்றல்கள் யாவும் ஒரே மூலத்தின் வேறுபட்ட தோற்றங்களே என்னும் எண்ணத்தை அவர் கைவிட்டிலர். மின்சாரமும் காந்தமும் தொடர்பற்றவை என்று கூலோம் போன்ற பேரறிஞர் கருதியிருந்த காலம் அது. ஆயர்ஸ்டெட்டோ, மின்சாரம் காந்தத்தைத் தாக்குமா என்று ஆராய்தல் வேண்டுமென 1812-இல் வெளியிட்ட நூலிலேயே குறித்தார்.

1820-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒருநாள், தம் மாணாக்கர் முன்னிலையில் விரிவுரை நிகழ்த்துங்கால், மின்சாரம் பாயும் மெல்லிய கம்பியைக் காந்த ஊசிக்கு மேலாக வைத்தார். முன்னரே தனித்துச் செய்து பார்க்க எண்ணியும் அன்று அதற்கு வாய்ப்பில்லை. ஊசி அசைந்தது, ஆயின் மிகச் சிறிதே அசைந்தது. அவையினர் அதனைப் பெரிதாக மதித்திலர். அவரும் உடனே பறைசாற்றினாரல்லர். முன்னைய ஏளனத்தை மறவாதவர்போல், திங்கள் மூன்று பொறுத்திருந்தார். ஜூலையில் வலிமை மிக்க மின்கலங்கொண்டு மீண்டும் மீண்டும் சோதித்தார். கண்ணாடி, மரம், உலோகம், நீர் முதலியவற்றை இடையே வைத்தும் அவ்விசை தடைப்படவில்லை. கம்பி மேலிருக்குங்கால் ஒருபுறம் திரும்பிய ஊசி, கீழிருக்குங்கால் எதிர்ப்புறம் திரும்பிற்று. இதனால் அவ்விசை கம்பியைச் சூழ்ந்து வட்டமாக இயங்குவதெனத் தெளிந்தார். ஜூலை 21-ஆம் நாள், நான்கே பக்கங்களில் இலத்தீன் மொழியில் அதனை வரைந்து ஐரோப்பிய அறிஞர்க்கு அனுப்பினார்.

அதன் பயனோ அளவிறந்தது. அவ்வாண்டு செப்டம்பரிலேயே பாரிஸ் நகரத்து ஆம்பியர் தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1831-இல் பாரடே காந்தத்தினின்று மின்சாரம் பெறும் வழி கண்டார். தந்தியும், மின்பொறிகளும், மின்சாரம் பிறப்பிக்கும் நிலையங்களும் இவ்வழியே தோன்றின.

புகழெய்திய பின்னும் ஆயர்ஸ்டெட் ஆசிரியராகவே வாழ்ந்தார். பொதுமக்களிடை இயற்கையறிவைப் பரப்ப 1824-இல் ஒரு சங்கம் நிறுவினார். 1825-இல் அலுமினியத்தைப் பிரித்தெடுத்தார். 1829-இல் தொழிற்கலைக் கல்லூரியொன்றைத் தோற்றுவித்து, 1851 மார்ச்சு 9-இல் இறக்குங்காறும் அதன் தலைவராயிருந்தார். வறிய இளைஞராய் வந்த கதையாசிரியர் ஆண்டர்சனுக்கு அவர் இல்லம் புகலிடமாயிற்று.

அவர் கண்டது தற்செயலே என்பாரும் உளர். நண்பர்காள், அன்று அவ்வறையில் இருந்தார் அனைவர் கண்முன்னும் அதே ஊசிதான் அசைந்தது. ஆயின் அவ்வசைவிற்காகப் பல்லாண்டு காத்திருந்த கண் ஒருவர்க்கே இருந்தது. காண விழையும் உள்ளமும், கண்டதை ஐயுற்று ஆராயும் பொறுமையும் ஒருங்கே அமையாதார்க்கு இயற்கை தன் வாயிலைத் திறப்பதில்லை. வகுப்பில் ஊசி திரும்புவதைக் காணுந்தோறும் இதனை நினைவு கூர்வோமாக.