தொழிலாளி அல்லாத தொழிலாளர் தலைவர் வி. வி. கிரி

மூணாறு எஸ்டேட்டானாலும் சரி, கஞ்சிக்கோடு ஆலையானாலும் சரி, சங்கத் தேர்தல் அறிவித்தவுடன் முதலில் கிளம்பும் பேச்சு ஒன்றுதான். இன்னார் நிற்கலாமா, கூடாதா? அவர் வேலையை விட்டு வருஷக்கணக்காகிவிட்டதே, இவர் வக்கீலாயிற்றே, மற்றவர் சந்தா பாக்கி வைத்திருக்கிறாரே என்று வாக்குவாதம் தொடங்கும். சில சமயம் அது கோர்ட்டு வாசல் வரை போகும்.

இந்தக் கேள்வியோடு ஆயுள் முழுவதும் வாழ்ந்த ஒரு தலைவர் நமது நாட்டின் ஜனாதிபதியாகவே உயர்ந்தார். கேரளத்தில் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கவர்னராகவும் இருந்தார். அவர்தான் வராககிரி வெங்கட கிரி.

1894 ஆகஸ்டு 10-இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பெர்ஹாம்பூரில் கிரி பிறந்தார். இன்று அந்த ஊர் ஒடிசாவில் இருக்கிறது. தெலுங்குக் குடும்பம். தந்தையார் ஜோகய்ய பந்துலு வக்கீல். மகனும் சட்டம் படிக்க 1913-இல் அயர்லாந்தின் டப்ளின் நகருக்குப் போனார். போன இடத்தில் ஐரிஷ்காரர்களின் விடுதலைக் கிளர்ச்சியில் ஈடுபாடு கொண்டு, அரசாங்கத்தின் கோபத்துக்கு ஆளாகி, 1916-இல் ஊர் திரும்பினார். வக்கீல் தொழிலைத் தொடங்கினார். காங்கிரஸ் அழைத்தது, மறியல் செய்து சிறைக்கும் போனார்.

வாடியா வழக்கு

கிரி தொழிற்சங்கத்துக்கு வந்த காலத்தைப் புரிந்துகொள்ளச் சென்னையில் நடந்த ஒரு வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதன் தலைவர் பி. பி. வாடியா மில் தொழிலாளி அல்ல. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டினார் என்று பக்கிங்ஹாம் மில் நிர்வாகம் அவர் மீதும் மற்றத் தலைவர்கள் மீதும் வழக்குப் போட்டது. சென்னை ஐகோர்ட்டு தடை உத்தரவு பிறப்பித்தது. பிறகு ஏற்பட்ட சமரசத்தில் வாடியா சங்கத்தை விட்டே விலக நேர்ந்தது.

அந்நாளில் வெளியார் இல்லாமல் சங்கம் இல்லை. ஆலைக்குள்ளிருந்து ஒருவன் தலைவனாக எழுந்தால் மறுநாள் அவனுக்கு வேலை இருக்காது. எஸ்டேட்டில் வேலை போனால் லயத்து வீடும் போகும். துரைக்கும் கங்காணிக்கும் பயப்படாத ஒருவர்தான் மனுவில் கையெழுத்துப் போட முடியும். அந்த ஒருவரையும் வெளியாள் என்று விலக்கிவிட்டால் தொழிலாளிக்கு வாய் ஏது?

வாடியாவுக்கு நேர்ந்த கதியைப் பார்த்துத்தான் சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. என். எம். ஜோஷி அதை டெல்லி சட்டசபையில் எழுப்பினார். 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அதன் 22-வது பிரிவு ஒரு நடுவழியைக் கண்டது. நிர்வாகிகளில் பாதிப்பேராவது அந்தத் தொழிலில் உண்மையாக வேலை செய்பவராக இருக்க வேண்டும். மீதிப்பேர் வெளியாராக இருக்கலாம்.

அந்த மீதிப் பாதியில் வந்த வக்கீல்களில் முதல் வரிசைக்காரர் கிரி. 1926-லேயே அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவரானார். வங்காள நாகபுரி ரெயில்வே தொழிலாளர் சங்கத்தை வளர்த்தவர் அவரே. 1927-இல் ஜெனீவா தொழிலாளர் மாநாட்டுக்கும், பின்னர் லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்கும் இந்தியத் தொழிலாளர்களின் பிரதிநிதியாகச் சென்றார். 1928-இல் ஆட்குறைப்பை எதிர்த்து ரெயில்வே தொழிலாளர்கள் அமைதியான முறையில் வேலைநிறுத்தம் செய்தபோது முன்னின்று நடத்தினார். அதில் வெற்றியும் கிடைத்தது.

கிரி என்ஜினுக்குக் கரி அள்ளிப் போட்டவர் அல்ல. ஆனால் சங்கம் என்றைக்கும் வக்கீல்களின் கையிலேயே இருக்க வேண்டும் என்று அவர் நினைத்ததும் இல்லை. தொழிலாளர்களுக்குள்ளிருந்தே தலைவர்கள் உருவாக வேண்டும் என்று பேச்சிலும் எழுத்திலும் விடாமல் வற்புறுத்தினார். முதலாளியும் சங்கமும் நேருக்கு நேர் பேசித் தீர்க்க வேண்டும், எதற்கெடுத்தாலும் டிரிபியூனலுக்கு ஓடக் கூடாது என்பது அவர் கட்சி. அதற்குக் 'கிரி வழி' என்றே பெயர் வந்தது.

மந்திரியும் ராஜினாமாவும்

1937 தேர்தலில் பொப்பிலி ராஜாவையே தோற்கடித்து, ராஜாஜி மந்திரிசபையில் தொழில், தொழிலாளர் இலாகா மந்திரியானார். 1947-இல் இலங்கைக்கு இந்தியத் தூதராக அனுப்பப்பட்டார். அவர் அங்கே இருந்த காலத்தில்தான் மலையகத் தமிழருக்குப் பேரிடி விழுந்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றிருந்தது. 1948 குடியுரிமைச் சட்டமும் அடுத்து வந்த தேர்தல் சட்டமும் அந்தத் தோட்ட மக்களின் வோட்டையே பறித்துவிட்டன. தேர்தலில் நிற்பதற்கு மட்டுமல்ல, வோட்டுப் போடுவதற்கும் தகுதி போயிற்று. தூதரால் அதைத் தடுக்க முடியவில்லை.

1952-இல் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு நேரு மந்திரிசபையில் தொழிலாளர் மந்திரியானார். பாங்கு குமாஸ்தாக்களின் சம்பளம் பற்றி டிரிபியூனல் அளித்த தீர்ப்பை அரசாங்கம் வெட்டித் திருத்தியது. கிரி அதை ஏற்கவில்லை. 1954 ஆகஸ்டில் பதவியை ராஜினாமா செய்தார். மந்திரி பதவியை உதறிய அந்தச் செயலை அக்காலத்துப் பாங்கு ஊழியர்கள் நன்றியோடு நினைத்தார்கள். பிறகு அந்தப் பிரச்சினையை ஆராய அமைந்த கமிஷனின் வேலையை முடித்துக் கொடுத்தவர் நீதிபதி கஜேந்திரகட்கர். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

565 வோட்டு

1957 பொதுத்தேர்தலில் ஆந்திராவின் பார்வதிபுரம் தொகுதியில் கிரி நின்றார். அது இரட்டை அங்கத்தினர் தொகுதி. ஓர் இடம் பொது, மற்றது பழங்குடியினருக்கு. வோட்டுகளை எண்ணியபோது முதல் இரண்டு இடங்களிலும் பழங்குடி வேட்பாளர்களே வந்திருந்தார்கள். அவர்களில் இரண்டாமவரான சூரி தோராவைவிட கிரிக்கு 565 வோட்டு குறைவு. பழங்குடி இடம் ஒருவருக்கும், பொது இடம் சூரி தோராவுக்கும் போயிற்று.

கிரி தேர்தல் வழக்குத் தொடுத்தார். தனி இடத்துக்கென்று மனுச் செய்தவர் பொது இடத்தைப் பெற முடியாது என்பது ஒரு வாதம். சூரி தோரா தம்மை க்ஷத்திரியர் என்று பத்திரங்களில் எழுதியிருக்கிறார், அந்த ஆசாரங்களையும் மேற்கொண்டுவிட்டார், ஆகவே அவர் பழங்குடியினரே அல்ல என்பது இன்னொரு வாதம். வழக்கு படிப்படியாக ஏறி 1959-இல் சுப்ரீம் கோர்ட்டில் முடிந்தது. இதற்குள் கிரி உத்தரப் பிரதேச கவர்னராகிவிட்டார். கவர்னர் ஒருவரின் தேர்தல் வழக்கு கோர்ட்டில் நடந்த விசித்திரம் அது!

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் அதே கஜேந்திரகட்கர். பழங்குடியில் பிறந்தவர், தாமாகவே வேறு ஜாதி என்று சொல்லிக்கொள்வதால் மாத்திரம் அந்த நிலையை இழப்பதில்லை. அவர் பொது இடத்துக்கும் உரியவரே என்று கூறி கிரியின் அப்பீல் தள்ளுபடியானது. நீதிபதி கபூர் மட்டும் மாறுபட்டார். நமக்குத் தோன்றுவதைச் சொன்னால், கிரி தோற்றது நியாயமே. பலவீனருக்குக் கதவைத் திறந்த சட்டத்தை, பலவீனரை வெளியே நிறுத்தப் பயன்படுத்தக் கூடாது. தொழிலாளர் தலைவரான அவருக்கு இந்த வாதம் பொருந்தவும் இல்லை. இரட்டைத் தொகுதி முறை 1961-இல் ஒழிக்கப்பட்டது.

தேவிகுளமும் கவர்னர் கிரியும்

1960 ஜூலையில் கிரி கேரள கவர்னராக வந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர்தான், தமிழ்த் தோட்டத் தொழிலாளர் நிறைந்த தேவிகுளமும் ஒரு தகுதி வழக்கால் பேர் பெற்றிருந்தது. 1957-இல் அங்கே கம்யூனிஸ்டு வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். ஆனால் இன்னொரு வேட்பாளரின் மனுவைத் தேர்தல் அதிகாரி தவறாகத் தள்ளிவிட்டார் என்று தீர்ப்பாகி அந்த வெற்றி ரத்தாயிற்று. 1958 மறு தேர்தலில் ரோசம்மாவே மீண்டும் வென்றார்.

கிரி கவர்னராக இருந்த கடைசி நாட்களில், 1965 மார்ச்சில் நடந்த தேர்தலில், சிறையில் இருந்தபடியே பலர் ஜெயித்தார்கள். எந்தக் கட்சிக்கும் மெஜாரிட்டி இல்லாததால் சட்டசபை கூடாமலேயே கலைக்கப்பட்டது.

தேவிகுளத்தின் வழக்குக் கதை அத்தோடு முடியவில்லை. 2021-இல் அந்தத் தனித் தொகுதியில் வென்ற ஏ. ராஜாவின் தேர்தலை, அவர் தாழ்த்தப்பட்டோருக்கான இடத்துக்குத் தகுதியற்றவர் என்று 2023 மார்ச்சில் கேரள ஐகோர்ட்டு ரத்து செய்தது. பாட்டன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பம், எந்த மதம், எந்த ஜாதி என்று கேள்விமேல் கேள்வி. 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவை மாற்றி, ராஜாவின் வெற்றி செல்லும் என்றது. பார்வதிபுரத்துக் கேள்வியின் உறவுக்காரக் கேள்விதான் இது.

சாட்சிக் கூண்டில் ஜனாதிபதி

1967-இல் உபஜனாதிபதியான கிரி, 1969 மே மாதம் ஜாகீர் உசேன் மறைந்ததும் ஜனாதிபதி பொறுப்பை வகித்தார். பிறகு அதை ராஜினாமா செய்துவிட்டுச் சுயேச்சையாக நின்றார். காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி. இரண்டாம் விருப்ப வோட்டுகளையும் எண்ணிய பிறகே கிரி ஜெயித்தார். அவருக்கு 4,20,077, ரெட்டிக்கு 4,05,427.

மீண்டும் வழக்கு. ரெட்டியை இழிவுபடுத்திய ஒரு துண்டுப் பிரசுரம் பற்றி விசாரணை நடந்தது. ஜனாதிபதியாக இருந்துகொண்டே கிரி தாமே சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொன்னார். அதற்கு முன் எந்த ஜனாதிபதியும் அப்படிச் செய்ததில்லை. 1970-இல் வழக்கு தள்ளுபடியானது. அந்தத் தேர்தலில் 15 பேர் போட்டியிட்டிருந்தார்கள். பெயருக்காக நிற்பவர்களைத் தடுக்க 1974-இல் சட்டம் திருத்தப்பட்டு, முன்மொழிய 10 பேரும் வழிமொழிய 10 பேரும் வேண்டும், 2,500 ரூபாய் டிபாசிட்டும் கட்ட வேண்டும் என்றாயிற்று.

கிரி ஜனாதிபதியான அதே 1969 ஆகஸ்டில் தேசியத் தொழிலாளர் கமிஷனின் அறிக்கை வந்தது. அதன் தலைவர் யார் தெரியுமா? மறுபடியும் கஜேந்திரகட்கர்! வெளியாரை அடியோடு தடுக்கக் கூடாது, ஆனால் உள்ளிருந்து தலைவர்களை வளர்க்க வேண்டும், முன்னாள் தொழிலாளியை வெளியாளாகக் கருதக் கூடாது என்பது கமிஷனின் கருத்து. சட்டம் அந்தப் பக்கம் நகர 2001 வரை பிடித்தது. அந்தத் திருத்தத்தின்படி, அமைப்பு சார்ந்த தொழிலில் வெளியார் மூன்றில் ஒரு பங்கு அல்லது 5 பேர், இதில் எது குறைவோ அதற்கு மேல் கூடாது. ஓய்வு பெற்றவரும் ஆட்குறைப்பில் போனவரும் வெளியார் அல்லர். மந்திரியாக இருப்பவர் நிர்வாகியாக இருக்க முடியாது.

யார் நிற்கலாம் என்ற தகராறு வந்தால் சங்கப் பதிவாளரால் தீர்ப்புச் சொல்ல முடியாது, சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதே நெடுங்கால நிலை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, சங்கத் தேர்தல் வழக்குகளைத் தொழில் டிரிபியூனலிடம் ஒப்படைத்திருக்கிறது. எதற்கெடுத்தாலும் டிரிபியூனலா என்று கேட்ட கிரி இதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பாரோ!

உள்ளிருந்து தலைமை என்ற அவருடைய ஆசை மூணாற்றில் ஒருமுறை கண்கூடாக நடந்தது. 2015 செப்டம்பரில் கொழுந்து கிள்ளும் பெண்கள், எல்லாச் சங்கங்களின் ஆண் தலைவர்களையும் ஒதுங்கச் சொல்லிவிட்டு, 20 சதவிகித போனஸ் கேட்டுத் தாங்களே சாலையில் உட்கார்ந்தார்கள். ஒன்பதாம் நாள் கோரிக்கை நிறைவேறியது. 'பெம்பிளை ஒருமை' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அதைப் பார்க்க கிரி இல்லை. 1974-இல் பதவிக்காலம் முடிந்து, 1975-இல் பாரத ரத்னா விருது பெற்று, 1980 ஜூன் மாதம் தமது 85-வது வயதில் சென்னையில் காலமானார்.