பிள்ளைகளுக்குப் பூந்தோட்டம் அமைத்த பிரெடெரிக் புரோபல் (1782 – 1852)



முன்பள்ளியில் வண்ணக் கடதாசி மடித்ததும், களிமண்ணில் உருண்டை பிடித்ததும், வட்டமாக நின்று கைதட்டிப் பாடியதும் உங்களுக்கு நினைவிருக்கும். இவற்றை ஒரு கல்வி முறையாக ஒழுங்குபடுத்தித் தந்தவர் ஜேர்மனிய கல்வியாளர் பிரெடெரிக் புரோபல் ஆவார். மாணவர் பலர் இவருடைய பெயரையும் 1840 என்ற ஆண்டையும் மட்டும் பாடமாக்கிக்கொண்டு பரீட்சைக்குச் செல்கின்றனர். அது போதாது. இவருடைய வாழ்க்கையை ஒரு தடவை விளங்கி வாசியுங்கள். கருத்துக்கள் தாமாகவே மனதில் பதியும்.

1. தாயில்லாப் பிள்ளை

புரோபல் 1782 ஏப்ரல் 21 இல் ஜேர்மனியின் தூரிங்கியாப் பகுதியிலுள்ள ஓபர்வைஸ்பாக் என்னும் கிராமத்திற் பிறந்தார். தந்தை ஒரு கிறிஸ்தவ மதபோதகர். புரோபல் ஒன்பது மாதக் குழந்தையாக இருக்கும்போதே தாய் இறந்துவிட்டார். பல கிராமங்களின் பொறுப்பைச் சுமந்த தந்தைக்கு மகனைக் கவனிக்க நேரம் கிடைக்கவில்லை.

பின்னர் தந்தை மறுமணம் செய்தார. சிற்றன்னை முதலில் அன்பு காட்டினார். தமக்கென ஒரு பிள்ளை பிறந்ததும் அந்த அன்பு குறைந்தது. வீட்டுப் பிள்ளையை அழைக்கும் உரிமைச் சொல்லை விட்டு, அந்நியரை அழைப்பது போன்ற சொல்லால் அவரை அழைக்கத் தொடங்கினார். அச் சிறு மாற்றம் ஏற்படுத்திய வலியைப் புரோபல் முதிய வயதிலும் மறக்கவில்லை. தனிமையில் வளர்ந்த அவருக்கு வீட்டுத் தோட்டமும் சுற்றியிருந்த காடுமே துணையாயின.

பத்து வயதில் தாய்மாமன் அவரைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். அங்கே அன்பும், சம வயதுத் தோழரும், ஓடி விளையாடும் சுதந்திரமும் கிடைத்தன. வாடியிருந்த பிள்ளை தளிர்த்தது. சூழல் மாறினால் பிள்ளையும் மாறும் என்பதைப் புரோபல் முதலில் தம்மிலேயே கண்டார்.

2. தொழில் தேடிய காலம்

1797 இல் காட்டு அதிகாரி ஒருவரிடம் தொழில் பழகச் சென்றார். பின்னர் யேனா பல்கலைக்கழகத்தில் கற்றார். அங்கு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் ஒன்பது வாரம் பல்கலைக்கழகச் சிறையில் இருக்க நேர்ந்தது. அதன் பின் நில அளவை, கணக்கெழுதுதல் எனப் பல வேலைகளைச் செய்தார்.

1805 இல் கட்டடக்கலை கற்கும் நோக்குடன் பிராங்பேர்ட் நகருக்குச் சென்றார். அங்கே ஒரு பாடசாலையில் ஆசிரியராகும் வாய்ப்புத் தற்செயலாகக் கிடைத்தது. பிள்ளைகளின் முன் நின்றபோதுதான் தமக்குரிய தொழில் இதுவே என உணர்ந்தார். அப்போது அவருக்கு வயது 23.

1808 முதல் 1810 வரை சுவிற்சர்லாந்தின் இவெர்டன் நகரில் புகழ்பெற்ற கல்வியாளர் பெஸ்டலோசியின் நிறுவனத்தில் தங்கினார். புலன்களால் அறிந்து கற்றல் என்னும் கருத்தை அங்கே பெற்றார். ஆயினும் பாடங்களுக்கிடையில் தொடர்பு போதாது என அவருக்குத் தோன்றியது. பின்னர் பேர்லினில் கனிமங்களையும் பளிங்குகளையும் ஆராய்ந்தார். பளிங்குகள் ஒழுங்கான வடிவில் வளர்வதைக் கண்ட அவர், இயற்கைக்கும் மனிதனுக்கும் பொதுவான ஓர் ஒழுங்கு உண்டு எனக் கருதினார். பிற்காலத்தில் அவர் உருவாக்கிய கோளம், கனவுரு ஆகியவற்றுக்குப் பின்னால் இந்த எண்ணமே உள்ளது.

3. கைல்ஹாவ் பாடசாலை

1813 இல் புரோபலின் சகோதரர் கிறிஸ்தோப் நோயுற்று இறந்தார். அவருடைய மூன்று ஆண்பிள்ளைகளும் தந்தையை இழந்தனர். புரோபல் அம்மூவரையும் மற்றொரு சகோதரரின் இரு மகன்மாரையும் சேர்த்து, 1816 இல் கிரீஸ்ஹைம் என்னும் கிராமத்தில் ஐந்து மாணவருடன் ஒரு பாடசாலையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அது கைல்ஹாவ் கிராமத்துக்கு மாற்றப்பட்டது. படிப்புடன் தோட்ட வேலை, மலை ஏறுதல், கட்டுதல், விளையாடுதல் ஆகியனவும் அங்கே கல்வியாகக் கருதப்பட்டன. 1826 இல் மனிதனின் கல்வி என்னும் அவருடைய பிரதான நூல் வெளிவந்தது.

4. சிறு பிள்ளைகளை நோக்கித் திரும்பியது ஏன்?

1830களில் அவர் மீண்டும் சுவிற்சர்லாந்து சென்று பணியாற்றினார். பூர்க்டோர்ப் நகரில் அநாதை இல்லமொன்றையும் நடத்தினார். பாடசாலைக்கு வரும் பிள்ளைகள் பலர் ஆரம்பப் பராமரிப்பும் தூண்டலும் இன்றி வருவதை அவதானித்தார். அத்திவாரம் பலவீனமாயின் மேலே எவ்வளவு கட்டினாலும் பயனில்லை அல்லவா? ஆகவே பாடசாலை வயதுக்கு முற்பட்ட ஆண்டுகளே மிக முக்கியமானவை என்ற முடிவுக்கு வந்தார்.

1837 இல் ஜேர்மனிக்குத் திரும்பி, பிளாங்கன்பேர்க் நகரில் சிறு பிள்ளைகளுக்கான நிலையத்தை ஆரம்பித்தார். அதற்குப் பொருத்தமான பெயர் நெடுநாளாகக் கிடைக்கவில்லை. மலைப்பாதையில் நடந்து வரும்போது கீழே விரிந்த பள்ளத்தாக்கைக் கண்டு பெயர் தோன்றியதாகச் சொல்லப்படுகின்றது. அதுவே கிண்டர்கார்ட்டன், அதாவது பிள்ளைகளின் தோட்டம். 1840 ஜூன் 28 இல் அது முறைப்படி அறிவிக்கப்பட்டது.

பெயரைக் கவனியுங்கள். பிள்ளை செடி, ஆசிரியர் தோட்டக்காரர். தோட்டக்காரர் செடியை இழுத்து நீளமாக்குவதில்லை. மண், நீர், வெளிச்சம் ஆகியவற்றைக் கொடுக்கிறார். செடி தன் இயல்பின்படி தானே வளர்கிறது.

5. பரிசுகளும் கைவேலைகளும்

பிள்ளை விளையாடுவதற்காக அவர் ஒழுங்குமுறையாக அமைத்த பொருட்கள் பரிசுகள் எனப்பட்டன. முதல் நான்கையும் அறிந்திருங்கள்.

• முதலாம் பரிசு: நூல் கட்டிய, மென்மையான ஆறு வண்ணப் பந்துகள். நிறம், அசைவு, பிடித்தல் ஆகியவற்றைப் பிள்ளை அறியும்.
• இரண்டாம் பரிசு: மரத்தாலான கோளம், கனவுரு, உருளை. உருளும் பொருளையும் நிலையாக நிற்கும் பொருளையும் ஒப்பிடலாம்.
• மூன்றாம் பரிசு: எட்டுச் சிறு கனவுருக்களாகப் பிரிக்கத்தக்க ஒரு கனவுரு. முழுமை, பகுதி என்னும் எண்ணக்கரு உருவாகும்.
• நான்காம் பரிசு: எட்டுச் செவ்வகக் கட்டைகள். நீளம், அகலம், தடிப்பு ஆகிய வேறுபாடுகள் புலப்படும்.

இலகுவிலிருந்து சிக்கலுக்குச் செல்லும் ஒழுங்கு இங்கே உள்ளதல்லவா?

கடதாசி மடித்தல், பின்னுதல், களிமண் வேலை, வரைதல், தைத்தல் முதலியன கைவேலைகள் எனப்பட்டன. வேறுபாட்டை இவ்வாறு நினைவில் வைத்திருங்கள். பரிசுகளை விளையாடி முடிந்ததும் பழைய நிலைக்கே அடுக்கி வைக்கலாம். கைவேலையில் பொருளின் உருவமே மாறிவிடும். மடித்த கடதாசியில் மடிப்பு இருந்தே தீரும்.

இவற்றுடன் தாய்மார் குழந்தைகளோடு பாடி விளையாடுவதற்கான பாடல் நூலொன்றையும் 1844 இல் வெளியிட்டார். இளம் பெண்களுக்கு ஆசிரியப் பயிற்சியும் அளித்தார். பெண்கள் தொழில் பெறுவது அரிதாயிருந்த காலத்தில் இது ஒரு பெரும் மாற்றமாகும்.

6. தடையும் மறைவும்

1848 இல் ஜேர்மன் நாடுகளிற் புரட்சி ஏற்பட்டு அடக்கப்பட்டது. அதன் பின் அரசுகள் புதிய கருத்துக்கள் யாவற்றையும் சந்தேகத்துடன் நோக்கின. புரோபலின் சகோதரரின் மகன் காள் புரோபல், கைல்ஹாவில் அவரிடமே கற்றவர். அவர் பெண்கல்வி பற்றியும் கிண்டர்கார்ட்டன் பற்றியும் ஒரு பிரசுரம் வெளியிட்டிருந்தார். பிரசிய அரசு அதனையும் புரோபலின் முறையையும் ஒன்றாகக் கருதி, இம்முறை நாத்திகத்தையும் சமவுடைமையையும் பரப்புகின்றது எனக் குற்றஞ்சாட்டி, 1851 ஓகஸ்ட் 7 இல் கிண்டர்கார்ட்டன்களைத் தடை செய்தது.

இறைநம்பிக்கையைக் கல்வியின் அடித்தளமாகக் கொண்ட 69 வயது முதியவர் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு இது. தவறை விளக்கி அமைச்சருக்கும் மன்னருக்கும் எழுதினார். பயன் கிட்டவில்லை. தடை நீங்காத நிலையிலேயே 1852 ஜூன் 21 இல் மரியென்தால் என்னுமிடத்திற் காலமானார். அவருடைய கல்லறையில் கனவுரு, உருளை, கோளம் ஆகிய மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கல்லில் அமைக்கப்பட்டுள்ளன.

ஆயினும் அவரிடம் பயின்ற பெண்களும் அவருடைய ஆதரவாளர்களும் முறையை வேறு நாடுகளுக்குக் கொண்டு சென்றனர். 1851 இல் லண்டனிலும், 1856 இல் அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலும் கிண்டர்கார்ட்டன்கள் தோன்றின. 1860 இல் பிரசியா தடையை நீக்கியது. 1876 இல் ஜப்பானின் டோக்கியோவிலும் ஒன்று ஆரம்பிக்கப்பட்டது.

பரிசுகளைப் பயன்படுத்தும் விதம் மிக இறுக்கமாக வகுக்கப்பட்டுள்ளது எனப் பிற்காலக் கல்வியாளர் குறை கூறினர். விமர்சனம் கேட்கப்பட்டால் இதனையும் எழுதலாம்.

7. நினைவிற் கொள்ள வேண்டிய எண்ணக்கருக்கள்

• விளையாட்டு: பிள்ளையின் உள்ளத்தை வெளிப்படுத்தும் முக்கிய வழி, நேர விரயம் அன்று.
• சுயசெயற்பாடு: பிள்ளை தானே செய்து கற்றல்.
• ஒருமை: இறைவன், இயற்கை, மனிதன் ஆகியோரிடையே உள்ள தொடர்பு.
• விருத்தியின் தொடர்ச்சி: ஒவ்வொரு பருவமும் அடுத்ததற்கு அடிப்படை.
• தாயின் பங்கு: கல்வி வீட்டிலேயே தொடங்குகின்றது.

8. விடை எழுதும்போது கவனிக்க

கிண்டர்கார்ட்டனை ஆரம்பித்தவர் மொன்டிசோரி என எழுதுவது பலர் விடும் தவறு. மரியா மொன்டிசோரி பிறந்தது 1870 இல். அவர் ரோம் நகரில் பிள்ளைகள் இல்லத்தை ஆரம்பித்தது 1907 இல். அதேபோன்று பெஸ்டலோசி புரோபலுக்கு வழிகாட்டியவர்; கிண்டர்கார்ட்டனை நிறுவியவர் அல்லர்.

இன்னொரு விடயம். வீட்டில் தம்பியோ தங்கையோ கட்டைகளை அடுக்கி விழுத்தி மீண்டும் அடுக்குவதைச் சிறிது நேரம் அவதானியுங்கள். கண்-கை இணைப்பு, பொறுமை, எண்ணம், மொழி ஆகிய அனைத்தும் அங்கே வளர்வதைக் காண்பீர்கள். அந்த அவதானம் உங்கள் விடையில் நல்ல உதாரணமாக அமையும்.

பயிற்சி வினாக்கள்

1. கிண்டர்கார்ட்டன் என்னும் பெயர் புரோபலின் கல்விக் கருத்தை எவ்வாறு வெளிப்படுத்துகின்றது?
2. பரிசுகளுக்கும் கைவேலைகளுக்கும் இடையிலான வேறுபாட்டை உதாரணத்துடன் விளக்குக.
3. புரோபலின் இளமைக்கால அனுபவங்கள் அவருடைய கருத்துக்களிற் செல்வாக்குச் செலுத்தியமைக்கு இரண்டு சான்றுகள் தருக.
4. 1851 இல் விதிக்கப்பட்ட தடைக்கான காரணத்தையும், தடையின் மத்தியிலும் இம்முறை பரவிய விதத்தையும் சுருக்கமாக எழுதுக.