சருகைப் படித்தவர்

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஜாசின் வட்டாரத்து இரப்பர்த் தோட்டங்களுக்குள் நடந்தால் காலடியில் சருகு நொறுங்கும். மரங்கள் இலை உதிர்க்கும் பருவம் அது. குனிந்து ஓர் இலையை எடுத்துப் பாருங்கள். ஓரம் மஞ்சளாகவும் நடு செம்பழுப்பாகவும் இருக்கும். பூஞ்சணம் தொட்ட இடத்தில் கரும்புள்ளிகள் தெரியும். புழு அரித்த துளைகளும் இருக்கும். அடுத்த இலையோ வேறு மாதிரி. இன்று இந்த அழகைக் கைப்பேசியில் மிக நெருக்கமாகப் படம்பிடித்து விடுகிறோம். படக்கருவி இல்லாமல், கண்ணை மட்டும் நம்பி, மட்கும் இலையின் ஒவ்வொரு புள்ளியையும் உற்றுப் பார்த்தவர் ஒருவர் இதே மலாக்கா மண்ணில் நடந்திருக்கிறார். அவர்தாம் ஆல்பிரட் ரசல் வாலஸ்.

வாலஸ் 1823ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டில் பிறந்தார். குடும்பத்தில் பணமில்லை. பதினான்கு வயதளவில் பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. அண்ணனுடன் சேர்ந்து நிலம் அளக்கும் வேலைக்குப் போனார். வயல்வெளிகளில் அளவுச் சங்கிலியை இழுத்துக்கொண்டு நடந்த நாள்களில், காலடியில் கிடந்த செடிகளின் பெயர் தெரியாதது அவரை உறுத்தியது. மலிவு விலையில் ஒரு தாவர நூலை வாங்கித் தாமே படித்தார். பல்கலைக்கழகத்தின் வாசலை மிதிக்காத அவருக்கு அதுவே தொடக்கம்.

1848இல் நண்பர் பேட்ஸுடன் அமேசான் காட்டுக்குப் புறப்பட்டார். பூச்சிகளையும் பறவைகளையும் பிடித்துப் பதப்படுத்தி, இலண்டனில் இருந்த முகவர் வழியாக விற்பதே பிழைப்பு. நான்கு ஆண்டு உழைப்புக்குப் பின் 1852இல் ஊர் திரும்பும்போது நடுக்கடலில் கப்பல் தீப்பற்றியது. குறிப்புகளில் பெரும்பகுதியும், உடன் கொண்டுவந்த சேகரிப்பும் கண்ணெதிரே எரிந்தன. பத்து நாள் திறந்த படகில் தத்தளித்த பிறகே வேறொரு கப்பல் அவரை ஏற்றிக்கொண்டது. முகவர் காப்புறுதி செய்திருந்ததால் கையில் ஓரளவு பணமாவது மிஞ்சியது. இனிமேல் கடற்பயணமே வேண்டாம் என்று உறுதி எடுத்தவர், இரண்டு ஆண்டுகளுக்குள் மறுபடியும் கப்பலேறினார். இம்முறை அவர் வந்தது நம் பக்கம்.

1854 ஏப்ரலில் சிங்கப்பூரில் இறங்கிய வாலஸ், ஜூலையில் மலாக்காவுக்கு வந்தார். அப்போது இங்கே இரப்பர் மரமே கிடையாது. டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர்த் தோட்டம் போட்டது 1896இல்தான். வாலஸ் கண்டது காடும் வயலும் கிராமங்களும். முதலில் காடிங் என்ற இடத்தில் சீனர்களின் வீட்டில் தங்கிப் பூச்சிகளைச் சேகரித்தார். விரைவிலேயே காய்ச்சல் கண்டது. பட்டணத்துக்குத் திரும்பி, அரசாங்க மருத்துவர் சொன்னபடி ஒரு வாரம் கொயினா மருந்து சாப்பிட்டுத் தேறினார். அடுத்து, வெந்நீர் ஊற்றுள்ள ஆயர் பானாஸ். அங்கிருந்து மூட்டை சுமக்க ஆறு மலாய்க்காரர்களை அழைத்துக்கொண்டு லேடாங் மலைக்குப் போனார். வழியெல்லாம் அட்டைகள் மொய்த்தன. மலையடிவாரத்தில் ஒரு வாரம் தங்கி, உச்சிக்கும் ஏறினார். அரிய பெரணிச் செடிகளை அங்கே கண்டு மகிழ்ந்தார். காய்ச்சலில் விழுந்த மனிதர் உடனே மலையேறியதைத் துணிவு என்பதா, பிடிவாதம் என்பதா? இரண்டும்தான்.

மலாக்காவில் இருந்தது இரண்டு மாதமே. அதன்பின் போர்னியோ, சுலாவெசி, மலுக்குத் தீவுகள், நியூகினி என்று எட்டு ஆண்டுகள் அலைந்தார். சரவாக்கில் சேர்ந்த அலி என்ற மலாய் இளைஞர் பறவைகளைச் சேகரிப்பதில் கைதேர்ந்தவரானார். வாலஸின் புகழில் அலிக்கும் பங்குண்டு. 1858 பிப்ரவரியில், காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தபோது வாலஸுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. சூழலுக்குப் பொருந்தும் உயிர்கள் பிழைக்கின்றன, பொருந்தாதவை அழிகின்றன. இப்படியே காலப்போக்கில் புதிய இனங்கள் உருவாகின்றன. அதை எழுதி இங்கிலாந்திலிருந்த சார்லஸ் டார்வினுக்கு அனுப்பினார். டார்வினும் பல ஆண்டுகளாக அதே கருத்தை மனத்தில் வைத்திருந்தார். இருவர் எழுத்தும் 1858 ஜூலை 1ஆம் நாள் இலண்டனில் ஒன்றாக வாசிக்கப்பட்டன.

கருத்து வெளிவந்துவிட்டது, ஆனால், உலகம் அதை எளிதில் நம்பவில்லை. கண்ணால் காணக்கூடிய சான்றுகள் தேவைப்பட்டன. அவற்றுள் ஒன்றை வாலஸ் 1861இன் இறுதியில் சுமத்திரா சென்றபோது கண்டார். அது ஒரு வண்ணத்துப்பூச்சி. இறக்கையின் மேற்புறத்தில் ஊதா நிறமும் அகன்ற செம்மஞ்சள் பட்டையும் பளிச்சிடும். வேகமாகப் பறந்து வந்து ஒரு புதரில் நுழையும். அருகில் போய்ப் பார்த்தால் பூச்சி இராது, சருகுதான் இருக்கும். பலமுறை ஏமாந்த பிறகு, கண்ணெதிரே அது அமர்ந்த இடத்தை விடாமல் பார்த்துத்தான் பிடித்தார்.

மூடிய இறக்கையின் அடிப்புறம் அச்சாகக் காய்ந்த இலை. நடுநரம்பு உண்டு, கிளைநரம்புகள் உண்டு. பின்னிறக்கையின் வால் கொம்பைத் தொட்டு இலைக்காம்பு போல் நிற்கும். தலையும் உணர்கொம்புகளும் இறக்கைகளுக்கிடையே மறைந்துவிடும். வாலஸ் இதோடு நின்றுவிடவில்லை. பிடித்த பூச்சிகளை வரிசையாக வைத்து ஒப்பிட்டார். ஒன்று வெளிர்மஞ்சள், ஒன்று பழுப்பு, ஒன்று செம்மை. சிலவற்றில் துளை விழுந்தது போன்ற குறிகள். சிலவற்றில் இலைமேல் பூஞ்சணம் படர்ந்தது போலவே கரும்பொடிப் புள்ளிகள். இலை வாடி மட்கும்வரை உள்ள எல்லா நிலைகளும் அந்த இறக்கைகளில் இருந்தன. சருகை நன்றாகப் பார்த்துப் பழகாத கண்ணுக்கு இந்த ஒற்றுமை பிடிபட்டிருக்காது.

பறவையின் கண்ணுக்குச் சிறிதளவு சருகாகத் தெரிந்த பூச்சி தப்பியது, தெரியாதது இரையானது. தப்பியவை குஞ்சு பொரித்தன. எண்ணற்ற தலைமுறைகள் இப்படிக் கழிந்து, ஒற்றுமை இவ்வளவு நுட்பமாயிற்று என்று வாலஸ் விளக்கினார்.

1862இல் தாயகம் திரும்பியபோது அவர் சேகரித்திருந்தவை 1,25,000க்கும் மேல். 1869இல் மலாய்த் தீவுக்கூட்டம் பற்றிய பயண நூலை வெளியிட்டார். மலாக்காவும் லேடாங் மலையும் அதில் தனி இயலாக உள்ளன. 1913இல், தொண்ணூறாம் வயதில் காலமானார்.

அந்த நூலில் இலை வண்ணத்துப்பூச்சியின் படமும் உண்டு. ஒரு பூச்சி இறக்கை விரித்துப் பறக்கிறது. அது உடனே தெரிகிறது. கொம்பில் அமர்ந்திருக்கும் மற்றொன்றை இலைகளுக்கு நடுவே தேட வேண்டியிருக்கிறது.